செருப்பைப் பார்த்துக் கரை சொன்னவள்

பார்படோஸ் விமான நிலையத்தில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வரும் வழியில், வாடகைக் கார் கம்பெனிக்கும் ரம் விற்கும் கடைக்கும் நடுவே ஒரு மேஜை இருக்கிறது. மேஜைக்குப் பின்னால் தீவின் வரைபடம் மூன்று நிறங்களில் தொங்கும். மேற்குக் கரை நீலம், தெற்குக் கரை ஆரஞ்சு, கிழக்குக் கரை பச்சை. அந்தப் படத்துக்கும் மேஜைக்கும் இடையில் இருபத்தைந்து வருஷமாக மார்வா இயர்வுட் உட்கார்ந்திருக்கிறாள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஊரிலேயே அறை எடுத்துப் பணமும் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். ஆனாலும் இறங்கியதும் நேரே மார்வாவிடம் வந்து, தாங்கள் எடுத்தது சரியான கரைதானா என்று கேட்காமல் போவதில்லை. ஏழு மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நானூறு பேருடைய அபிப்பிராயங்களைப் படித்தவர்கள் அவர்கள். படிக்கப் படிக்கச் சந்தேகம் ஏறுமே தவிர இறங்காது. ஒருவர் சொர்க்கம் என்று எழுதிய கரையில் இன்னொருவருக்குக் கொடுத்த துண்டு ஈரமாக இருந்திருக்கும். தீவோ மொத்தமே இருபத்தொரு மைல் நீளம், பதினான்கு மைல் அகலம். காலையில் ஒரு கரையில் குளித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு எதிர்க் கரைக்குப் போய்விடலாம். இதை மட்டும் மார்வா யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் மேஜை எதற்கு, மார்வாதான் எதற்கு?

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வந்தவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பாள். பிறகு மூன்று கேள்விகள் கேட்பாள். ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்? அடுத்தவர் பிள்ளைகள் கத்தினால் பொறுத்துக்கொள்வீர்களா? நிஜமாகவே நீந்தத் தெரியுமா, இல்லை தெரியும் என்று சொல்லிக்கொள்வது வழக்கமா? இந்தக் கேள்விகளெல்லாம் மரியாதைக்காகத்தான். முடிவு காலைப் பார்த்தபோதே ஆகியிருக்கும். மினுக்கிய தோல் ஷூ என்றால் மேற்கு. அங்கே கடல் குளம் மாதிரி கிடக்கும், பக்கத்து நாற்காலிக்காரர் இருமினாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் இருமுவார். விரலிடுக்கில் ரப்பர் என்றால் தெற்கு. அங்கே வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கும் புகையும் பாட்டும் விடிகிறவரைக்கும் ஓயாது. கயிறு கட்டிய, சேறு காய்ந்த பூட்ஸ் என்றால் கிழக்கு. அங்கே அலையும் பாறையும் காற்றும்தான், ஆள் குறைவு. முடிவைச் சொல்லிவிட்டு, அடிமரத்தில் சிவப்பு வளையம் பூசிய மரத்துக்குக் கீழே மழைக்கு ஒதுங்க வேண்டாம், சொட்டுகிற தண்ணீர் பட்டால் தோல் கொப்பளித்துவிடும் என்று ஒரு எச்சரிக்கையும் கொடுப்பாள்.

மார்வா தப்பாகச் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. ஊருக்குத் திரும்பும் பயணிகள் கட்டடத்தின் மறு கோடியில் உள்ள வாசல் வழியாகப் போவதால், தப்பு இருந்தாலும் அவள் காதுக்கு எட்ட வழியில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்வா பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகி வீடு கட்டியது எல்லாம் செயின்ட் ஜார்ஜில். தீவின் பதினொரு வட்டாரங்களில் கடலே தொடாத வட்டாரங்கள் இரண்டு. அதில் ஒன்று அது. சுற்றிலும் கரும்பு. அவளுக்கு நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடல் அவளை நனைத்ததில்லை. வருஷத்துக்கு ஒரு முறை தேவாலயத்தார் பேருந்து பிடித்துக் கடற்கரைக்குப் போவார்கள். அப்போது வீட்டுக்கொரு பானை போகும். சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனி, கோழி, துவரை போட்ட சோறு. மர நிழலில் பானைகளை வரிசையாக வைத்து, கடலுக்கு முதுகைக் காட்டி எல்லோரும் உட்காருவார்கள். கடலைப் பார்த்து உட்கார்ந்தால் பானையை யார் பார்ப்பது?

இப்படிப்பட்ட மார்வாவுக்கு, இருபத்தைந்து வருஷ சேவைக்காக அலுவலகத்தில் ஒரு பரிசு அறிவித்தார்கள். கணவனோடு மூன்று ராத்திரி, தீவில் எந்தக் கரையில் வேண்டுமானாலும், பட்டியலில் இருக்கும் எந்த விடுதியில் வேண்டுமானாலும், சாப்பாட்டோடு. வெள்ளிக்கிழமைக்குள் எந்தக் கரை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவள் வாழ்க்கையில் விடுமுறைக்கென்று எங்கேயும் போனதில்லை. அதனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மூன்று நாளைக்கு ஒருவரும் அவளை ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான். கடல் எந்த நிறமாக இருந்தாலும் அவளுக்குச் சம்மதம்.

கார் கம்பெனிப் பெண் தெற்கைச் சொன்னாள். தெற்குக் கரையில் மார்வாவின் சித்தி மகன் மீன் விற்கிறான், அத்தை மகள் பின்னல் போட்டுவிடுகிறாள், மாமா ஒருவர் ஏழு வருஷமாக அங்கே டாமினோ ஆடிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் கேள்வி கேட்பதைத் தொழிலாகவே வைத்திருந்தார்கள். தெற்கு அடிபட்டது. பாதிரியாரின் மனைவி மேற்கைச் சொன்னாள், ஆனால் அங்கே வெள்ளைக்காரிகள் உடுத்துகிற லட்சணத்தில் உன் புருஷன் சீமோரை வெளியே விடாதே என்றாள். கிழக்கை யாரும் சொல்லவில்லை. கிழக்குக் கடல் ஆளை இழுத்துவிடும் என்று எல்லா அம்மாக்களும் சொல்லி வளர்த்த ஊர் அது.

புதன், வியாழன் இரண்டு நாளும் மார்வாவுக்கு வேலையே ஓடவில்லை. மூன்று நிமிஷத்தில் கனடாக்காரர்களுக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் விதி எழுதியவள் தன் விஷயத்தில் விழித்தாள். வியாழன் மாலை சாப்பாட்டு மேஜையில் கரண்டி கீழே விழ, எடுக்கக் குனிந்தவளின் கண்ணில் சீமோரின் கால் பட்டது. கறுப்புத் தோல் ஷூ. பளபளவென்று இருந்தது. சீமோர் முப்பத்தொரு வருஷம் அரசுப் பேருந்து ஓட்டி, ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் தினமும் காலையில் அதற்கு மெருகு போடுகிறான். மார்வா நிமிரும்போது முடிவும் அவளோடு நிமிர்ந்தது.

"மேற்குதான் நமக்குச் சரி," என்றாள்.

சீமோர் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தான். "நீதான் அதுல பெரிய ஆளு," என்றான்.

அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று விடியற்காலையிலேயே எழுந்து மக்ரோனி சுட்டு, கோழி வறுத்து, துவரைச் சோறும் பொங்கிப் பெரிய பானையில் அடுக்கி, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

"மூணு வேளையும் அவங்களே போடறாங்கன்னு சொன்னியே?" என்றான் சீமோர்.

"போடுவாங்க. அதுக்காகப் பானை இல்லாம யாராவது கடலுக்குப் போவாங்களா?"

சீமோர் பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

'வெண்சங்கு' விடுதியில் பெட்டி தூக்குகிறவர் பானையைப் பித்தளை வண்டியில் ஏற்றி, விருந்தாளியைப் போலவே மேலே கொண்டுபோனார். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டினார்கள். அது இருந்தால் எதையும் எவ்வளவும் சாப்பிடலாம், குடிக்கலாம். அறையிலிருந்த குட்டிக் குளிர்பெட்டியில் அடுக்கியிருந்த சின்னப் பாட்டில்களை மார்வா வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பானையை உள்ளே தள்ளினாள். கதவு மூடவில்லை. நாற்காலியை முட்டுக் கொடுத்தாள்.

கடற்கரையில் சாய்வு நாற்காலிகள் எல்லாம் கடலைப் பார்த்துப் போட்டிருந்தன. மார்வா தன்னுடையதைத் திருப்பிப் போட்டாள். அங்கே வேலை பார்க்கிறவர் வந்து புன்னகையோடு பழையபடி போட்டார். அவர் போனதும் இவள் திருப்பினாள். மூன்றாம் முறை அவர் விட்டுவிட்டார். சீமோர் ஷூவைக் கழற்றாமல் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தான். கடல் அசையாமல் கிடந்தது. எப்படி இருக்கிறது என்று மார்வா கேட்டதற்கு, "நல்லாருக்கு" என்றான். உப்பில்லாத கஞ்சி குடித்த நோயாளி ஆஸ்பத்திரியில் சொல்கிற மாதிரி இருந்தது அது.

பதினைந்து நிமிஷம் மார்வா சுகமாக இருந்தாள். அப்புறம் ஒரு அம்மாள் வந்து துண்டு வேண்டும் என்றாள். அடுத்து ஒருவர் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றார். அதற்கடுத்தவர், நாளைக்கு ஒரு நாள் மாறுதலுக்குத் தெற்குக் கரை போகலாமா, கிழக்குக் கரை போகலாமா என்று கேட்டார். அந்தக் கடற்கரையில் கறுப்புத் தோலுள்ளவர்கள் தட்டுத் தூக்குகிறவர்கள், துண்டு மடிக்கிறவர்கள், அப்புறம் மார்வாவும் சீமோரும். மணிக்கட்டை உயர்த்தி மஞ்சள் பட்டையைக் காட்டிப் பார்த்தாள். ஊழியர்களுக்கும் பட்டை கொடுக்கிறார்களே, நல்ல நிர்வாகம் என்று ஒருவர் பாராட்டினார்.

ஆறாவது ஆள் வந்தபோது மார்வா தன் அக்காவின் குரலை எடுத்தாள். அக்கா நாற்பது வருஷமாக இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கிறாள். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் மூன்று முறை நன்றி சொல்லும் குரல் அது.

"மன்னிக்கணும். நான் லீட்ஸ்லேருந்து விடுமுறைக்கு வந்திருக்கேன். எனக்கு இந்த ஊரப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

மந்திரம் போட்ட மாதிரி வேலை செய்தது. ஒன்றும் தெரியாதவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக இது ஏன் தோன்றாமல் போயிற்று என்று மார்வா வருத்தப்பட்டாள்.

ஆனால் ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்லித் தருவதற்கு ஆட்கள் உண்டு. மறுநாள் காலையில் பக்கத்து நாற்காலிக்கு ஒரு கனடாக்காரத் தம்பதி வந்தார்கள். மனிடோபாவில் கோதுமை பயிரிடுகிறவர்கள். அந்த அம்மாள் பெயர் லோயிஸ். கணவர் கார்டன் வந்ததும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டார். மார்வா அவர் காலைப் பார்த்தாள். மணல் படாத மெல்லிய தோல் ஷூ. ஐந்து நாளைக்கு முன் விமான நிலையத்தில், இன்னும் அறை எடுக்கவில்லை, எங்கே தங்கலாம் என்று கேட்டு நின்ற அதே ஷூ. மேற்கு என்று சொல்லி அனுப்பியவள் இவளேதான்.

லோயிஸுக்கு அடையாளம் தெரியவில்லை. பூப்போட்ட சீருடையும் காதோரச் செம்பருத்தியும் இல்லாமல் மார்வாவை எப்படித் தெரியும்? அந்தச் சிரிப்பும் சீருடையோடு சேர்த்துக் கொடுத்ததுதானே.

"முதல் தடவையா வர்றீங்களா?" என்று லோயிஸ் கேட்டாள். ஆமாம் என்றாள் மார்வா. அரைமணி நேரம் லோயிஸ் அவளுக்குப் பார்படோஸைச் சொல்லிக்கொடுத்தாள். பறக்கும் மீனை எப்படிச் சாப்பிட வேண்டும், எந்த ரம் உசத்தி, பேருந்தில் ஏன் ஏறக் கூடாது. இந்த ஊர்க்காரர்கள் நடக்கிறதுக்கு முன்னாலேயே நீந்தப் பழகிவிடுகிறார்களாம், பார்க்கக் கண்கொள்ளாதாம். மார்வா முழங்காலைப் பாவாடையால் மூடிக்கொண்டு, அப்படியா என்றாள்.

பிறகு லோயிஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க வந்திருக்கவே கூடாதுங்க. ஏர்போர்ட்டுல ஒரு பொம்பள. எங்க முகத்தக்கூடச் சரியா பாக்கல, கீழயே பாத்துக்கிட்டிருந்தா. மூணு கேள்வி கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள 'மேற்கு'ன்னு எழுதிட்டா."

"என்ன பதில் சொல்லியிருப்பீங்க?" அக்காவின் குரல் கொஞ்சம் பிசகியது.

"எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆறு மைல். நாலு மாசம் பனி. காதுல விழறது காத்தும் இவர் குறட்டையும்தான். ஆளுங்க சத்தம் கேக்கணும்னு, யாராவது கத்திப் பாடணும்னு இவ்வளவு தூரம் வந்தேன். இங்க பாருங்க, எங்க வயலே தேவல. அவ பெரிய நிபுணியாம், எல்லாரும் சொன்னாங்க."

ஆயிரக்கணக்கான ஷூக்களும் செருப்புகளும் வரிசையாக மார்வாவின் கண்முன்னால் நடந்துபோயின. அவற்றில் எத்தனை தவறான கரைக்குப் போயிருக்கும்? யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? ஆனால் அவளைக் குத்தியது வேறொன்று. பத்தடி தூரத்தில் சீமோர் அசையாத கடலைப் பார்த்துக்கொண்டு, கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தான். நேற்றிலிருந்து அப்படித்தான் இருக்கிறான். விடுமுறையில் மிச்சம் இருப்பது ஒரு நாள்.

எழுந்து போய் அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"சீமோர், உனக்கு எங்க போகணும்னு இருந்துச்சு?"

"எப்போ?"

"இதுக்குத்தான். இந்தப் பரிசுக்கு."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "என்னைக் கேக்கறியா?"

"உன்னைத்தான்."

"முப்பது வருஷத்துல நீ என்கிட்ட கேள்வின்னு கேட்டது, இன்னைக்குப் பாலு வாங்கினியாங்கிறதுதான்."

"கேலி அப்புறம் பண்ணிக்கலாம். சொல்லு."

"பாத்ஷீபா," என்றான். கிழக்குக் கரை. "கடைசி ஸ்டாப்ல வண்டியத் திருப்பி நிறுத்தினா பன்னெண்டு நிமிஷம் கிடைக்கும். பேப்பர் எழுதி, ஒதுங்கிட்டு வந்தா மிச்சம் நாலு நிமிஷம். அங்க ஒரு பெஞ்சு இருக்கு. கடல் அங்க இந்த மாதிரி செத்துக் கிடக்காது. எழும்பி வந்து பாறைய அறையும். உக்காந்து பாக்க ஆரம்பிப்பேன். உடனே பின்னாலேருந்து எவனாவது, 'டிரைவர், கிளம்பலியா'ம்பான். முப்பத்தொரு வருஷம். கிளம்பலியான்னு எவனும் கேக்காம ஒரு நாள் அங்க உக்காரணும்."

மார்வா அவன் ஷூவில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். யாரும் கேட்கக் கூடாது என்பதற்காக லீட்ஸ் வரைக்கும் போய் ஒளிந்தவள் அவள்.

"அப்போ இந்த ஷூ?" என்றாள்.

"ஷூவுக்கு என்ன?"

"தினம் மெருகு போடறியே. நீ மேற்குக் கரை ஆளுன்னு..."

"வேலைக்கு வாங்கினது. இன்னும் கிழியல, போட்டுக்கிட்டிருக்கேன். அதுல என்ன கரை இருக்கு?"

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது மார்வா கனடாக்காரர்களின் மேஜைக்குப் போனாள். லீட்ஸை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். "ஏர்போர்ட் பொம்பள நான்தான்," என்றாள். லோயிஸின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. தப்பு நடந்துவிட்டது, தெற்கில் சித்தி மகன் மீன் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதி இருக்கிறது, பாட்டுச் சத்தத்தில் தூங்கவே முடியாது, அவனிடம் இப்போதே பேசி ஏற்பாடு செய்கிறேன் என்றாள். லோயிஸ் எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளவே வந்துவிட்டாள்.

அப்போது கார்டன் தொப்பியைக் கழற்றினார். அவர் பேசி மார்வா கேட்டது அதுதான் முதல் முறை.

"எனக்கு இங்க ரொம்பப் பிடிச்சிருக்கு, லோயிஸ்," என்றார். "ஏர்போர்ட்டுலயே சொல்லலாம்னு பாத்தேன். நீ கேக்கல."

லோயிஸ் மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். நாற்பது வருஷம் பக்கத்திலேயே பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ புதிதாகக் குடி வந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. மார்வா சித்தி மகனின் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி, இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் வைத்துவிட்டு நகர்ந்தாள். தன் நிபுணத்துவம் கடைசியில் பாதியாவது தேறியதா என்று வழியில் கணக்குப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

மூன்றாம் ராத்திரியைத் துறந்து பட்டைகளை வெட்டிக் கொடுத்தபோது, வரவேற்பு மேஜைப் பெண் ஏதாவது குறையா என்று பதறினாள். கடலில்தான் குறை என்றான் சீமோர். இரண்டு நீலப் பேருந்துகள் மாறினார்கள். வழி நெடுக மார்வாவின் மடியில் பானை. பெரிய விடுதியில் இரண்டு நாளும் விருந்து போட்டதால் அதை யாரும் தொட்டிருக்கவில்லை.

பெஞ்சு அங்கேதான் இருந்தது. சாயம் உரிந்து, ஒரு பலகை தளர்ந்து. சீமோர் அதில் தன் இடத்தில் உட்கார்ந்தான். மார்வா வழக்கம்போல முதுகைக் காட்டி உட்காரப் போனாள். பெஞ்சு மண்ணில் ஊன்றியது, திருப்ப முடியவில்லை. வேறு வழியில்லாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். பானை பெஞ்சுக்குப் பின்னால் போயிற்று. தூரத்திலிருந்து தண்ணீர் ஒரு சுவராக எழும்பி, வீடளவு பாறையில் வந்து அறைந்து, வெள்ளையாகச் சிதறியது. மார்வா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதைப் பச்சை நிறத்தில் வரைந்து, சேறு காய்ந்த பூட்ஸுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

பேருந்து திரும்பி நின்றது. பன்னிரண்டு நிமிஷம் ஆனதும் ஓட்டுநர் தலையை நீட்டினான். "சீமோர் அண்ணே, கிளம்பலியா?"

சீமோர் முகம் சுருங்கியது. மார்வா திரும்பாமலே பதில் சொன்னாள்.

"அண்ணன் கிளம்பல. நீ போயிட்டு வா. அடுத்து வர்றவங்ககிட்டயும் சொல்லிடு, யாரும் கேக்க வேணாம்னு."

வண்டி போயிற்று. அடுத்த வண்டி வந்தது, ஒன்றும் கேட்காமல் போயிற்று. அதற்கடுத்த வண்டியிலிருந்து வரைபடத்தோடு இரண்டு பயணிகள் இறங்கி, பெஞ்சில் ஊர்க்காரி ஒருத்தி இருப்பதைக் கண்டு ஆசையோடு கிட்டே வந்தார்கள். தீவில் நல்ல கரை இதுதானா, இல்லை வேறு கரைக்குப் போவது உத்தமமா என்று கேட்டார்கள். மார்வாவுக்குப் பழக்கம் விடவில்லை. பார்வை தானாகக் கீழே இறங்கியது. பாதியில் நிறுத்தி, அவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலங்க," என்றாள். "நாங்க இப்பத்தான் பாக்க ஆரம்பிச்சிருக்கோம். மக்ரோனி சாப்பிடறீங்களா?"

பானை காலியாகிறவரை கடல் நிற்காமல் அறைந்துகொண்டிருந்தது. கடிகாரத்தைச் சீமோர் ஒரு முறையும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு தடவை மார்வா ஓரக்கண்ணால் அவன் காலைப் பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை. ஷூக்கள் பெஞ்சுக்கு அடியில், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, மெருகெல்லாம் உப்பில் மங்கிக்கொண்டிருந்தன.